பரிவட்டத்துக்கு ஒரு பேட்டரி

திண்டிவனத்தில் பாய்மரப் படகு வைத்திருந்த ஒரே ஆள் கோதண்டபாணிதான். ஏரி உள்ள ஊர், நெல் வந்து இறங்குகிற ஊர், நாலு திசைக்கும் பஸ் பிரிகிற ஊர். கடல் மட்டும் அங்கே இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மரக்காணம் பஸ் ஏற வேண்டும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அந்த முடிச்சை அவர் விலை கொடுத்து வாங்கி மரக்காணத்து உப்பங்கழியில் கட்டி வைத்திருந்தார்.

அவர் தொழில் போர்வெல். ஓடுகிற போர் வண்டி இரண்டு, செஞ்சி ரோட்டில் சப்மெர்சிபிள் மோட்டார் கடை ஒன்று. "தண்ணி விஷயத்துல என்கிட்ட பேசாத" என்பதை ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்லாமல் அவர் கடையைப் பூட்டியதில்லை. பூமிக்கு அடியில் கிடக்கிற தண்ணீரைப் பற்றி அவர் சொல்வது பாதி நேரம் சரியாகவும் இருக்கும். மேலே திறந்து கிடக்கிற தண்ணீரைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. நீச்சலும் தெரியாது. புதுச்சேரிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரரின் தோட்டத்து மோட்டாரைக் கழற்றப் போனவர், அந்த வெள்ளைக்காரர் தன் கையாலேயே செய்திருந்த படகைப் பார்த்தார். வெள்ளைக்காரர் சொந்த நாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். படகை யார் தலையில் கட்டலாம் என்று அவர் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கோதண்டபாணி தன் தலையைத் தானே கொண்டுபோய் நீட்டினார்.

இத்தனைக்கும் அவருக்குக் கடல்மேல் ஆசை கிடையாது. ஆசை எல்லாம் பரிவட்டத்தின் மேல். அம்மனுக்குச் சாத்திய பட்டுத் துண்டைப் பூசாரி எடுத்து ஒருவர் தலையில் கட்டுவார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் விஷயம். அதே துண்டைக் கடையில் வாங்கிக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் கிறுக்கு என்பார்கள். அம்மன் எதிரில் நின்று கட்டிக்கொண்டால் பெரிய மனுஷன். இந்த வித்தியாசத்துக்காக நம் ஜில்லாவில் மண்டை உடைந்த திருவிழாக்கள் எத்தனை என்று சொல்ல ஆரம்பித்தால் கதை முடியாது.

அவர்கள் தெருப் பொன்னியம்மன் மாசி மகத்தன்று லாரியில் ஏறி மரக்காணம் போவாள். கடலில் தீர்த்தவாரி முடிந்ததும், விளக்கு வைக்கிற நேரத்தில் உப்பங்கழியில் தெப்பம். மீனவர்களின் இரண்டு ஃபைபர் படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, அம்மனை ஏற்றி ஒரு சுற்று வருவார்கள். தெப்பத்துக்கு விளக்குப் போட ஜெனரேட்டர் கொடுப்பவர் சீனுவாசன். மல்லாட்டை மண்டிக்காரர், வேர்க்கடலை வியாபாரி. விளக்குக் கொடுப்பவருக்குப் பரிவட்டம் என்று வழக்கமாகிவிட்டது. அந்த சீனுவாசன் வேறு யாரோவாக இருந்திருந்தால் கோதண்டபாணி பொறுத்துக்கொண்டிருப்பார். அவர் கோதண்டபாணியின் மனைவி பரிமளாவுக்கு அக்கா புருஷன். சகலைக்குக் கிடைக்கிற மரியாதையைச் சகித்துக்கொள்ளும் சகலையைக் கடவுள் இன்னும் படைக்கவில்லை.

படகு வந்ததும் கோதண்டபாணி கோயில் கமிட்டியில் போய் நின்றார். "ஜெனரேட்டரு போடற சத்தத்துல நாயனமே காதுல விழல. புகை வேற, அம்மன் மூஞ்சி மேலயே அடிக்குது. என் படகுல வையுங்க. பேட்டரில லைட்டு. சத்தமே இருக்காது" என்றார். கமிட்டி தலையாட்டியது. 2016-ஆம் வருஷத்து மாசி மகத்தில் பொன்னியம்மன் பாய்மரப் படகில் ஏறினாள்.

வெள்ளைக்காரர் வைத்துவிட்டுப் போன பேட்டரிகள் ஆறு. நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்குமே, காரீயமும் ஆசிடும் தண்ணீருமாக, அந்த ஜாதி. கோதண்டபாணி அதில் ஆயிரம் குண்டு பல்புகளை மாட்டினார். முதல் கால் மணி நேரம் உப்பங்கழி ஜொலித்தது. பிறகு வெளிச்சம் மஞ்சளாயிற்று, செங்கல் நிறமாயிற்று, கழியின் நடுவில் போய் அவிந்தேவிட்டது. அம்மன் செல்போன் வெளிச்சத்தில் கரைக்குத் திரும்பினாள். கரையில் சீனுவாசன் எதற்கும் இருக்கட்டும் என்று ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அது எதற்காக இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்; மிச்சப் பூஜை அந்த வெளிச்சத்தில்தான் நடந்தது.

"இன்னா சகல, அம்மன வச்சி கண்ணாமூச்சி ஆட்டிட்டியே" என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டு, பரிவட்டத்துக்குத் தலையைக் குனிந்தார் சீனுவாசன்.

அன்றைக்கு வயிற்றில் பிடித்த எரிச்சல் கோதண்டபாணிக்கு வருஷம் முழுக்க ஆறவில்லை. கமிட்டியிடம் கெஞ்சி இன்னொரு வருஷம் வாங்கிக்கொண்டு, பேட்டரிக் கடை வேங்கடேசனைக் கூப்பிட்டார். திண்டிவனத்துக் கல்யாண மண்டபங்கள் பாதிக்கு இன்வெர்ட்டர் போட்டவர் அவர். எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாத வியாபாரி.

"அண்ணா, காரீயத்த தூக்கிக் கடாசுங்க. இப்ப லித்தியம் வந்துகீது. செல்போன்ல இருக்குதே, அதுக்குப் பெரியண்ணன். கடைசி சொட்டு வரைக்கும் ஒரே வெளிச்சம். மங்கவே மங்காது."

"நெசமாவா?"

"அது கூட பெருசு இல்லண்ணா. எடையே கெடையாது. பழசு ஒண்ணத் தூக்க ரெண்டு ஆளு வேணும். இத நான் ஒரு கையில தூக்கிக்கினு வருவேன். உள்ள ஒரு போர்டு இருக்குது, அது பேட்டரிக்கு மூளை மாதிரி. தப்பா எதுனா நடந்தா அதுவே நிறுத்திக்கும்."

மோர் கொடுக்க வந்த பரிமளா இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "படகுல ஒருத்தருக்காவது மூளை இருக்கட்டும்" என்றாள். அது யாரைச் சொன்னது என்று கோதண்டபாணிக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அவள் உள்ளே போயிருந்தாள்.

வேலை நடந்தது. ஆறு கிழட்டுப் பேட்டரிகளையும் சேற்றில் இறங்கித் தூக்கிக் கரை சேர்ப்பதற்குள் ஆட்களுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அவற்றை வேங்கடேசன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அன்றைக்கே காரீயம் உருக்குகிற இடத்தில் தள்ளிவிட்டார். பழைய பேட்டரிகள் இருந்த இடத்தில் சாப்பாட்டுக் கேரியர் அளவில் இரண்டு நீலப் பெட்டிகள் உட்கார்ந்தன. புது ஒயர், புது சார்ஜர், மேலே சோலார் பலகை. குண்டு பல்புகளையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. சரம் போட்டார்கள். அந்த எல்.இ.டி.க்குப் பழைய பேட்டரிகளே விடிய விடியப் போதும் என்பது வேங்கடேசனுக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும். கடை வைத்திருப்பவன் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா?

கோதண்டபாணி தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். மரப்படகு என்றால் அடியில் கொஞ்சம் கசியும். அந்தத் தண்ணீரை இறைக்கப் பழைய பம்பு ஒன்று இருந்தது. யாராவது பொத்தானைத் தட்டினால் ஓடும், பேட்டரி இறங்கினால் இருமிவிட்டு நிற்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் கடையிலிருந்தே ஒரு தானியங்கிப் பம்பை மாட்டினார். தண்ணீர் ஒரு விரல் ஏறினால் போதும், தானே ஓடித் தானே நிற்கும். பம்பு விஷயத்தில் அவரிடம் யாரும் பேச முடியாது அல்லவா?

ஊருக்குள் அவர் பேச்செல்லாம் எடையைப் பற்றித்தான். "முந்நூறு கிலோவ எறக்கிட்டேன் தெரியுமா? படகு இப்ப பஞ்சு" என்று டீக்கடையில் சொன்னார், முடிவெட்டும் கடையில் சொன்னார், ஒரு சாவு வீட்டிலும் சொன்னார்.

வேலைக்காகச் சேற்றில் ஏற்றி நிறுத்தியிருந்த படகைத் தண்ணீரில் இறக்கியதும், மாசி மகத்துக்கு மூன்று நாள் முன்னால் பூவரசன் போன் செய்தான். மரக்காணம் பக்கத்துக் குப்பத்து மீனவன், படகைப் பார்த்துக்கொள்ளவும் ஓட்டவும் அமர்த்தப்பட்டவன்.

"சார், படகு சாஞ்சிகினு கீது."

"காத்தா இருக்கும்யா."

"காத்தே இல்ல சார். வலது பக்கமா ஒருக்களிச்சிப் படுத்துகினு கீது."

போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. வெள்ளைக்காரர் ஒன்றும் பைத்தியக்காரர் இல்லை. வலப்பக்கம் டீசல் எஞ்சினும் சமையல் மேடையும் வைத்துக் கட்டியவர், அதற்கு ஈடாகத்தான் இடப்பக்கம் அந்த ஆறு காரீயப் பிண்டங்களையும் அடுக்கியிருந்தார். மின்சாரம் கொடுத்தது அவற்றின் பாதி வேலை. சும்மா கனமாகக் கிடந்தது மீதிப் பாதி. வேங்கடேசனைப் போனில் பிடித்தபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்படின்னா லித்தியம் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்ணா" என்றார்.

இடப்பக்கம் எதையாவது பாரம் ஏற்ற வேண்டும். மணல் மூட்டை போடலாம் என்றார் கோதண்டபாணி. பூசாரி துரைக்கண்ணுவிடம் ஒரு வார்த்தை கேட்கப் போக, அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"ஏரி ஒடஞ்சா போடறது மணல் மூட்டை. அத அம்மன் காலடில போடுவியா? ஊரு ஒடப்பெடுத்துக்கும்."

"அப்ப கல்லு?"

"பொணத்துக்குத்தான்யா கல்ல கட்டித் தண்ணில எறக்குவாங்க!"

கூட வந்திருந்த பூவரசன்தான் வழி சொன்னான். "உப்பு வைக்கலாமே சார். நம்ம ஊர்ல அதுக்கு இன்னா பஞ்சம்? என் மச்சான் அளத்துலதான் வேலை செய்யறான்."

பூசாரியின் முகம் மலர்ந்தது. "உப்பு லட்சுமி. புது வூட்டுக்குக் குடி போனா மொதல்ல அதத்தான எடுத்துனு போறோம். தாராளமா வையி."

ஆக, மரக்காணத்து உப்பளத்திலிருந்து உப்பு மூட்டைகள் வந்து படகின் இடப்பக்க அடித்தளத்தில், காரீயம் இருந்த இடத்தில் இறங்கின. படகு நிமிர்ந்தது. கோதண்டபாணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அன்று சாயங்காலமே டீக்கடையில், "லட்சுமியவே அஸ்திவாரமா போட்டுட்டேன்" என்றார். தண்ணீர் ஊறுகிற படகின் அடியில் உப்பைக் கொட்டி வைக்கிறோமே என்று தண்ணீர் விஷயம் தெரிந்த அவருக்கும் தோன்றவில்லை, கடலிலேயே பிறந்து வளர்ந்த பூவரசனுக்கும் தோன்றவில்லை, அம்மனுக்கு நெருக்கமான துரைக்கண்ணுவுக்கும் தோன்றவில்லை. சாஸ்திரம் சரி என்று சொல்லிவிட்ட பிறகு தோன்றுவதற்கு என்ன இருக்கிறது?

கசிந்த தண்ணீர் மூட்டைக்குள் போயிற்று. உப்பு கரைந்து தண்ணீரோடு வந்தது. தண்ணீர் ஒரு விரல் ஏறியதும் புதுப் பம்பு அதை இறைத்துக் கழியில் கொட்டியது. பழைய பேட்டரியாக இருந்தால் அரை நாளில் களைத்துப் படுத்திருக்கும், கரையாத உப்பாவது மூட்டையில் கிடந்து பாரம் கொடுத்திருக்கும். லித்தியம் களைக்கிற ஜாதி இல்லை. இரவும் பகலும் இறைத்தது. திண்டிவனம் தாலுகாவில் அத்தனை ஒழுங்காக வேலை செய்த இன்னொன்றை நான் பார்த்ததில்லை. மறுநாள் வந்த கோதண்டபாணி படகின் ஓரத்திலிருந்து தண்ணீர் பீச்சுவதைப் பார்த்துப் பூரித்துப்போனார். செல்போனில் படம் பிடித்து, "லித்தியம் பவர்" என்று எழுதிக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். சீனுவாசன் அதற்குக் கும்பிடு ஒன்று மட்டும் போட்டார்.

அலங்கார வேலைக்காக உப்பு ஏற்றிய மறுநாளிலிருந்தே படகை இரண்டு பக்கமும் கயிறு போட்டு இறுக்கித் துறையில் கட்டியிருந்தார்கள். அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மாசி மகத்தன்று அம்மன் ஏறினாள். பூசாரி ஏறினார், நாயனமும் தவிலும் ஏறின, கமிட்டி செக்ரட்டரி என்ற முறையில் சீனுவாசன் ஏறினார். சீனுவாசன் ஒல்லி. எத்தனை மல்லாட்டை தின்றாலும் உடம்பில் ஒட்டாத வாகு. படகில் அவர் ஏறியதும் படகுக்குத் தெரியாது, இறங்கினாலும் தெரியாது. பட்டு வேட்டியில் கோதண்டபாணி ஏறியபோது துறைப் பலகை முனகியது. பரிமளா வரவில்லை என்றுதான் சொன்னாள். "எனக்குப் பரிவட்டம் கட்டறத நீ பக்கத்துல நின்னு பாக்கணும்" என்று அவர்தான் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார். ஊருக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்பதைவிட, அந்த ஒருத்திக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது. அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

விளக்கு எரிந்தது. உள்ளபடியே சொன்னால், அப்படி ஒரு வெளிச்சத்தை அந்தக் கழி பார்த்ததில்லை. பாய்மரத்தின் உச்சியிலிருந்து சரம் சரமாக இறங்கி, அம்மன் முகத்தில் மூக்குத்திக் கல் வரைக்கும் தெரிந்தது. கரையில் கூட்டம் ஓவென்று கத்தியது. நாயனம் சுத்தமாகக் கேட்டது. கோதண்டபாணிக்குக் கண் கலங்கியது.

கயிற்றை அவிழ்த்துக் கழியின் நடுவுக்கு வந்ததும் படகு மெல்ல வலப்பக்கம் சாய ஆரம்பித்தது. முதலில் குங்குமக் கிண்ணம் நகர்ந்தது. பிறகு தவில்காரர் நகர்ந்தார். பூவரசன் பலகையைத் தூக்கி உள்ளே பார்த்தான். மூட்டைகள் இருந்த இடத்தில் வெறும் சாக்குகள் சுருண்டு கிடந்தன.

"உப்பு எங்கய்யா?" என்றார் கோதண்டபாணி.

"கடலுக்கே போயிட்ச்சி சார்!" என்று அலறினான் பூவரசன். "பேஜாரா பூட்ச்சி. எல்லாரும் ஜல்தியா எடது பக்கம் வாங்க!"

எல்லோரும் வந்தார்கள். போதவில்லை. அம்மன் பீடம் ஒரு விரல் நழுவியது. கரையில் பெண்கள் குலவையை நிறுத்திவிட்டு அலற ஆரம்பித்தார்கள். பூவரசன் படகில் இருந்தவர்களை ஒரு முறை கண்ணால் எடை போட்டான். அவன் பார்வை கோதண்டபாணியிடம் வந்து நின்றது.

"சார், நீங்க போயி அந்த எடது விளிம்புல குந்துங்க. காலை வெளிய தொங்கப் போட்டு, ஒடம்ப நல்லா தண்ணி பக்கமா முன்னால குடுத்து குந்துங்க. கம்பிய புடிச்சிக்கோங்க."

"நானா?"

"உங்களவிட்டா வேற யாரு சார் கீறாங்க?"

அவர் போய் உட்கார்ந்தார். காலை இருட்டுத் தண்ணீரின் மேல் தொங்கவிட்டார். படகு ஒரு பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது. "அப்படியே இருங்க சார். ஆடாதீங்க. நீங்க ஆடினா அம்மன் ஆடுவா" என்றான் பூவரசன். நாயனம் மறுபடி ஆரம்பித்தது. அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் அங்கவஸ்திரத்தோடு, அவர் கழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கரையில் இருந்தவர்களுக்கு அம்மனுக்கு அடுத்தபடி நன்றாகத் தெரிந்தது அவர் முகம்தான். லித்தியம் மங்கவே மங்காது.

பின்னால் தீபாராதனை மணி கேட்டது. கற்பூர வாசனை வந்தது. துரைக்கண்ணுவின் சட்டையில் குத்தியிருந்த மைக்கில், கரை முழுக்கக் கேட்கும்படி குரல் வந்தது. "பரிவட்டம் வாங்கிக்கறவங்க எந்திரிச்சி அம்மன் முன்னால வாங்க."

எழுந்தால் என்ன ஆகும் என்று கோதண்டபாணிக்குத் தெரியும். அம்மன் சரிவாள். பரிமளா நிற்கிறாள், அவளுக்கும் நீச்சல் தெரியாது. இவ்வளவும் தெரிந்தும் அவருக்கு ஒன்றுதான் தோன்றியது. ஒரு நிமிஷம். துண்டைக் கட்ட ஒரு நிமிஷம் ஆகுமா? அதற்குள் கவிழ்ந்துவிடுமா என்ன? வருஷக்கணக்காகக் காத்திருந்த தலை இது. அவர் கம்பியை விட்டுவிட்டு எழுந்தார்.

படகு சாய்ந்தது. கற்பூரத் தட்டு பறந்து தண்ணீரில் சுய்யென்று விழுந்தது. பூசாரி அம்மனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். யாரோ விழுந்தார்கள், யாரோ கத்தினார்கள். கோதண்டபாணியின் பட்டு வேட்டியை ஒரு கை கொத்தாகப் பிடித்துக் கீழே இழுத்தது.

"யோவ், குந்துய்யா!"

பரிமளாவின் குரல். கல்யாணமான நாளிலிருந்து "என்னாங்க" என்பதைத் தவிர அவரை வேறு எப்படியும் கூப்பிட்டறியாத பரிமளா. அவள் பூசாரியின் மைக்குக்குப் பக்கத்தில் விழுந்திருந்தாள். ஆகவே அந்த இரண்டு வார்த்தையும் ஒலிபெருக்கி வழியாகக் கரைக்குப் போய், உப்பளங்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. பிறகு எங்கோ ஒருவன் சிரித்தான். பிறகு கரையே சிரித்தது.

அவர் குந்தினார். படகு நிமிர்ந்தது.

பரிவட்டத்தை அப்படியே விடக்கூடாது, யார் தலையிலாவது கட்டித்தான் ஆக வேண்டும் என்றார் துரைக்கண்ணு. யார் எழுந்து முன்னால் போனால் படகு தாங்கும் என்று பூவரசன் பார்த்தான். படகுக்கே தெரியாமல் நடக்கக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். சீனுவாசன் இரண்டு எட்டு வைத்துப் போய்த் தலை குனிந்தார். படகு இம்மியும் அசையவில்லை. கரையிலிருந்து "தாயே, பொன்னியம்மா!" என்று சத்தம் எழுந்தது. கோதண்டபாணி எதையும் பார்க்கவில்லை, காதால் மட்டும் கேட்டார். அழுகை வந்தது. அழுதால் உடம்பு குலுங்கும், உடம்பு குலுங்கினால் படகு ஆடும் என்று அதையும் விழுங்கிக்கொண்டு, கரை வந்து சேரும் வரைக்கும் அவர் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.